கும்மாளத்தின் குட்டிக் கதவு

ஆத்தூர்
14.9.2025

திருமதி முத்தாயம்மாள் அவர்களுக்கு,

சென்னியப்பன் எழுதுவது. உன்னோடு பேசுவதில்லை என்று ஆறு வருடத்துக்கு முன்னால் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. எழுதுவதில்லை என்று சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைச் சரிதா என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். என் மகள் எதையும் நேராகச் சொல்ல மாட்டாள். படித்தேன். உன் மகள் யுவஸ்ரீக்குக் கார்த்திகை பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். சந்தோஷம். மருதாசலம் மாப்பிள்ளை இருந்து பார்த்திருக்க வேண்டிய நாள். அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

இடம் என்ற வரிக்கு வந்ததும் தட்டைத் தள்ளி வைத்தேன். கும்மாளம் பூங்கா, சங்ககிரி திருச்செங்கோடு சாலை. உங்கள் பக்கம் கல்யாண மண்டபத்துக்கா பஞ்சம்? போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறவர்கள் ஆளுக்கொரு மண்டபம் கட்டிப் போட்டிருக்கிறார்களே, அதில் ஒன்று கிடைக்கவில்லையா?

'தாய்மாமன் சென்னியப்பன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாய். அப்பா இல்லாத பெண்ணை மாமன் கைபிடித்து மணவறைக்குக் கூட்டிவர வேண்டும் என்று நீ எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வேலையாட்கள் அத்தனை பேர் முன்னால் நான் சொன்ன வார்த்தையும் உனக்குத் தெரியும். "குட்டிக் கதவு இல்லாத எடத்துல என்ற காலு படாது." அதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினேன்.

குட்டிக் கதவு என்றால் என்ன என்பது உனக்கு மறந்திருக்கலாம். ஹாலோபிளாக் கல் வைத்து அடைத்துப் பூசியும் ஆகிவிட்டதல்லவா? ஞாபகப்படுத்துகிறேன். பெரிய வாசலுக்கு இடப்பக்கம், இரண்டு கல்தூணுக்கு நடுவில், குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு கதவு. அப்பாவும் அம்மாவும் பெரிய வாசலில் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு நிற்கும்போதே குழந்தை தன் கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவிடும். கதவில் கட்டிய சலங்கை குலுங்கும். பிறகு அது உள்ளே நின்றுகொண்டு, வெளியே நிற்கிறவர்களைப் பார்த்து "வாங்க, வாங்க" என்று கூப்பிடும். மற்ற இடங்களில் பெரியவர்கள் குழந்தையைக் கூட்டிப் போகிறார்கள். கும்மாளத்தில் குழந்தைதான் பெரியவர்களைக் கூட்டிப் போனது. வந்த சனங்கள் ராட்டினத்தை மறந்தாலும் அந்தக் கதவை மறக்கவில்லை.

அதன் உயரம் யுவஸ்ரீயின் உயரம். நாலு வயசுப் பிள்ளையைத் தூணோரம் நிறுத்தி, தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு உளியால் கீறியவன் நான். அன்றைக்கு அவள் கையில் முறுக்கு வைத்திருந்தாள்.

கதவைத் திற, வருகிறேன். இல்லையென்றால் மண்டபத்தைப் பார்.

இப்படிக்கு,
சென்னியப்பன்


கும்மாளம்
22.9.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

முத்தாயி வணக்கமுடன் எழுதுவது.

பேச மாட்டீர்கள், எழுதுவீர்கள். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் படித்தீர்களோ தெரியவில்லை. ஆனாலும் உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் தபால்காரரை உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்பினேன்.

'திருமதி முத்தாயம்மாள் அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். மின்சார வாரியத்திலிருந்து வந்த கடிதமோ என்று கவரை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன்.

பூங்காவில் கல்யாணம் என்று நான் முடிவு பண்ணவில்லை. யுவஸ்ரீ பண்ணினாள். "ஏம்மா, நான் நடை பழகுனதே இங்கதானே, வேற எங்க போய்த் தாலி கட்டிக்கறது?" என்றாள். அவள் அப்பா தன் மேட்டாங்காட்டைக் கொடுத்து, நீங்கள் உங்கள் லாரி பாடி பட்டறையை விட்டுவிட்டு வந்து, இரண்டு பேருமாகக் கட்டிய இடம் இது. ஏசி மண்டபத்தைவிட இது தனக்குப் பெரிது என்கிறாள்.

கதவை என்னால் திறக்க முடியாது அண்ணா. ஏன் என்று உங்களுக்கே தெரியும். மற்றபடி நீங்கள் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. ராட்டினத்துக்குப் பின்னால், தலை சுற்றுகிறவர்களுக்காக மரத்தைப் பார்த்து உட்காரும்படி நீங்கள் போட்ட பெஞ்சு இருக்கிறது. அதன் பக்கத்தில் மோந்து பார்க்க எலுமிச்சம்பழக் கூடையும் இருக்கிறது. தினமும் நானே பழம் மாற்றுகிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து கோபப்பட வேண்டாம். நம் பெரியப்பா மகன் செந்தமிழன் வந்திருந்தார். "அண்ணன் வல்லைன்னா என்னம்மா, நானும் மாமன் மொறைதானே, நான் கூட்டியாறேன்" என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நீங்கள்தான் வர வேண்டும்.

உங்கள் தங்கை,
முத்தாயி


ஆத்தூர்
28.9.2025

முத்தாயம்மாளுக்கு,

செந்தமிழனா? தாராளமாகக் கூப்பிடு. நம் பூங்கா ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்னதற்கு ஜன்னல் கண்ணாடிக்கும் சேர்த்து அடித்தவன் அவன். பெண்ணை மணவறைக்குக் கூட்டிவரச் சொன்னால் நேராகப் பந்திக்குக் கூட்டிப்போய் உட்கார வைப்பான்.

வைத்தது வைத்தபடி இருக்கிறதாம். நான் கேட்கிறேன், பார்த்துவிட்டுப் பதில் எழுது.

ரயில் பாலத்தின் பலகைகள் ஆடுகின்றனவா? யாராவது நல்லது செய்வதாக நினைத்து போல்ட்டை இறுக்கியிருப்பார்கள். ரயிலை முதன்முதலாக ஓட்டிய அன்று பாலத்தின் மேல் அது நெய்யில் வழுக்கிய மாதிரி போனது. ஒரு குழந்தை கூடக் கீழே எட்டிப் பார்க்கவில்லை. நான் போல்ட்டைத் தளர்த்தி, லாரி டயர் ரப்பரை வெட்டி அடியில் வைத்தேன். பலகை துள்ளும், ஆனால் கழன்று வராது. அதற்குப் பிறகு தடதடவென்று, பள்ளிபாளையத்தில் காவிரிப் பாலத்து மேல் ரயில் போகிற சத்தம் வந்தது. அடியில் இருப்பது முழங்கால் ஆழக் குட்டை. ஆனால் ஒவ்வொரு குழந்தையும் பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கையைப் பிடிக்க வைப்பதற்காகத்தான் அந்த ரயிலே.

கடைசிப் பெட்டியின் பின்னால் லாரியில் எழுதுகிற மாதிரி 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதியிருந்தது இருக்கிறதா? இடம் கிடைக்காத பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு "பாம் பாம்" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடும். ஏறியவனுக்கு ரயில், ஏறாதவனுக்கு ஹாரன். யாரும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது.

பேய் வீட்டில், ஒவ்வொரு திருப்பத்திலும் தரையோரமாக வரைந்த நாய்க்குட்டி இருக்கிறதா? பெரியவர்கள் கண்ணுக்கு அது படாது. குழந்தைகளுக்குத்தான் தெரியும். நாய்க்குட்டி எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் வழி. உள்ளே போகும்போது அப்பா இடுப்பைக் கட்டிக்கொண்டு போன பொடியன், வெளியே வரும்போது "பயப்படாதீங்கப்பா, இப்படி வாங்க" என்று இழுத்துக்கொண்டு வருவான்.

வெளியே போகிற சந்தில் இப்போது பாட்டு போடுகிறார்களா? மருதாசலம் மாப்பிள்ளைக்கும் எனக்கும் அதில் ஒரு சண்டையே நடந்தது. "பாட்டு இல்லீன்னா சனங்களுக்குச் சப்புனு இருக்குமுங்க" என்றார். "தோள்ல தூங்கற கொழந்தைக்கு நல்லா இருக்கும் மாப்ளே" என்றேன். அவரே ஏணி போட்டு ஏறி ஸ்பீக்கரைக் கழற்றினார். அந்த மாதிரி மனுஷன்.

இதெல்லாம் எனக்கு யாரும் கற்றுக் கொடுத்ததில்லை. நான் படித்தது ஏழாம் வகுப்பு. சாயங்காலம் சாயங்காலம் வாசலில் நின்று, போகிற குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பேன். எது அவர்களை இன்னொரு முறை திரும்பிப் பார்க்க வைத்தது என்று பார்ப்பேன். அதுதான் என் படிப்பு.

இங்கே ஆத்தூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மருமகனின் ஜவ்வரிசி சேகோ மில்லில் கிழங்கு மாவு வாசனை, வீட்டில் வேளைக்குச் சாப்பாடு. ஆனால் பேச்சு வேறாக இருக்கிறது. கடையில் "ஏனுங்க" என்று கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு நாள் முழுக்க யாரோடும் சண்டை போடாமல் இருக்கிறேன். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

கதவுக்கு வருகிறேன். அது இரண்டு பக்கமும் திறக்கிறதே என்று அன்றைக்கே கேட்டாய். உள்ளே இருக்கிறவன் தன் கையால் திறக்க முடியாத கதவை நான் செய்வதில்லை. நாமக்கல் பட்டறையில் ஒரு சித்திரை மாதம் நாலு பக்கமும் மூடிய லாரிக்குள் மாட்டிக்கொண்ட கிளீனரை வெளியே தூக்கிப் போட்டுத் தண்ணீர் தெளித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றிலிருந்து அது என் பட்டறை விதி. குழந்தைக்கென்று கதவு வைத்துவிட்டு அதைக் குழந்தை திறக்க முடியாது என்றால் அது கதவில்லை, கூண்டு.

வாசல் காவலுக்கு உட்கார்ந்த வீரன் தூங்கிவிட்டால் அதற்குக் கதவு என்ன செய்யும்? ஆளை மாற்றியிருக்க வேண்டும். நீ கதவை மாற்றினாய்.

ஆயுதபூஜைக்கு ரயில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கும்போது முன்சக்கரத்துக்கு வை. போன தடவை பின்சக்கரத்துக்கு வைத்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்கு எல்லாம் தெரியவரும்.

சென்னியப்பன்


கும்மாளம்
6.10.2025

அண்ணாவுக்கு,

பழம் முன்சக்கரத்துக்குத்தான் வைத்தோம்.

பலகையைப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரிதான், யாரோ போல்ட்டை இறுக்கியிருக்கிறார்கள். எவ்வளவு நாளாக அப்படி இருந்ததோ, நானும் கவனிக்கவில்லை. ஸ்பேனர் எடுத்துவந்து நானே உட்கார்ந்து தளர்த்தினேன். இப்போது தடதடக்கிறது. சந்தில் பாட்டு கிடையாது. நாய்க்குட்டிகளுக்குப் போன வருடம் புதுப் பெயிண்ட் அடித்தோம்.

ஆனால் வீரன் தூங்கவில்லை அண்ணா. இதை இத்தனை நாள் நீங்கள் என்னிடம் கேட்கவும் இல்லை, சொல்ல விடவும் இல்லை. இப்போது நீங்கள் படித்துத்தான் ஆக வேண்டும். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா?

அந்தப் பையன் காணாமல் போன அன்றைக்கு நீங்கள் பேரிங் வாங்க நாமக்கல் போயிருந்தீர்கள். மே மாதக் கூட்டம். தனுஷ் என்று அந்தப் பையனுக்குப் பெயர், ஐந்து வயசு. அவன் அம்மா தங்கச்சிப் பாப்பாவுக்குக் குழாயில் கை கழுவிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பையன் இல்லை. பேய் வீட்டில் தேடினோம், ரயிலை நிறுத்தித் தேடினோம். குட்டையில் ஆள் இறங்கித் தேடினார்கள். அப்போது அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். சத்தம் போடவில்லை, அழவில்லை, பிடித்த பிடியை விடவும் இல்லை. நகம் பதிந்த தடம் என் கையில் பல நாள் இருந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம், டீக்கடை முன்னால் நின்ற லாரியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அந்தச் சத்தத்தால்தான் கிடைத்தான். அவன் சாலையைக் கடந்த நேரத்தில் வண்டி எதுவும் வரவில்லை. எனக்கு இன்றும் அது மட்டும்தான் கண்ணில் நிற்கிறது. வண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

வீரனை நிறுத்திவைத்துக் கேட்டேன். "சலங்கை கேட்டுச்சுங்கம்மா. திரும்பிப் பாத்தேன். கதவு ஆடிட்டு இருந்துச்சு. ஏதோ கொழந்தை உள்ள வருதுன்னு நெனச்சேனுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே வந்தாலும் அதே சலங்கை, வெளியே போனாலும் அதே சலங்கை. அத்தனை வருடம் நானும் தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் கொத்தனாரைக் கூப்பிட்டேன். உங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறீர்கள். கேட்டிருந்தால் நீங்கள் பதில் சொல்லியிருப்பீர்கள். உங்கள் பதில் எப்போதும் என் கேள்வியைவிடச் சத்தமாக இருக்கும். அன்றைக்கு எனக்குச் சத்தம் தாங்கும் தெம்பு இல்லை.

சுவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நானும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. உங்களுக்கு மட்டும்தான் அது வருத்தம் என்று நினைக்காதீர்கள்.

முத்தாயி


கும்மாளம்
27.10.2025

அண்ணா,

உங்களிடமிருந்து பதில் இல்லை. தீபாவளியும் போய்விட்டது. அதிரசம் அனுப்பியது வந்ததா? சரிதா "டப்பா காலி அத்தே" என்றாள். யார் காலி செய்தது என்று மட்டும் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் குமாரபாளையத்திலிருந்து வந்திருந்தார்கள். சம்பந்தி அம்மா நல்லவர்தான், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கேட்டார். "பொண்ணைக் கூட்டிட்டு வாரது உங்க அண்ணன்தானுங்களே? முன்னால ஒரு தடவை பாத்துப் பேசிக்கலாம்னு." என் வாயிலிருந்து "ஆமாங்க, வருவாருங்க" என்று வந்துவிட்டது. எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்னதும் யுவஸ்ரீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் போன பிறகு, "மாமா வல்லைன்னா நான் தனியாவே நடந்து வந்துக்கறேன், வேற யாரும் என்ற கையைப் புடிக்க வேண்டாம்" என்றாள். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள்.

நீங்கள் மில்லுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் வெல்டிங் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றும், விரலைச் சுட்டுக்கொண்டீர்கள் என்றும் சரிதா போனில் சொன்னாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "உன் வேலையைப் பாரு" என்றீர்களாம். நான் கேட்கவில்லை. விரலுக்கு மருந்து போட்டீர்களா என்று மட்டும் கேட்கிறேன்.

முத்தாயி


ஆத்தூர்
5.11.2025

முத்தாயிக்கு,

அதிரசத்தில் பாகு கொஞ்சம் முற்றிவிட்டது. விரல் ஆறிவிட்டது.

லாரி பார்சலில் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கனமானது, இரண்டு பேர் பிடித்து இறக்கச் சொல். உள்ளே ஒரு கதவும் அதற்கான கீலும் இருக்கின்றன. கூடவே, பழைய பஸ்களில் டிரைவர் கையால் அமுக்குகிற ரப்பர் பந்து ஹாரன் ஒன்று இருக்கிறது. ஆத்தூர் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து பிடித்தேன். பந்து புதிது, குழல் பழையது. இப்போது வருகிற குழலில் அந்தக் கனம் இல்லை.

கதவை உள்ளே தள்ளினால் சலங்கை குலுங்கும், எப்போதும் போல. வெளியே தள்ளினால் பின்பக்கம் வைத்த இரும்புக் கை பந்தை அமுக்கும். ஹாரன் அடிக்கும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். உள்ளே இருக்கிற குழந்தை தன் கையால் திறக்கலாம். ஆனால் யாருக்கும் தெரியாமல் திறக்க முடியாது. ஹாரன் கேட்டால் திரும்பிப் பார்க்காத ஆள் நம் பக்கத்தில் எவனும் இல்லை.

நான் ஏதோ தப்பைத் திருத்துவதாக நினைத்துக்கொள்ளாதே. கதவில் தப்பில்லை. சத்தம் போதவில்லை, அவ்வளவுதான்.

வீரனைப் பற்றி எழுதியதைப் படித்தேன். அந்த ஆளுக்கு ஒரு வேட்டி துண்டு பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டால் தீபாவளிக்கு என்று சொல்.

மாட்டுவதும் மாட்டாததும் உன் இஷ்டம். அந்த அம்மா பிடித்தது உன் கையை, என் கையை அல்ல. அதனால் முடிவு உன்னுடையது. கதவு இருந்தால் வருகிறேன். சுவராகவே இருந்தால் வாசலுக்கு வெளியே நின்று சீர்த் தட்டை வீரனிடம் கொடுத்துவிட்டு ஆத்தூர் பஸ் ஏறிவிடுவேன். வார்த்தை வார்த்தைதான்.

சென்னியப்பன்


கும்மாளம்
14.11.2025

அண்ணாவுக்கு,

பெட்டி வந்தது. எனக்கு உடனே சுவரில் கைவைக்க மனசு வரவில்லை. முதலில் கதவை இரண்டு கம்பத்துக்கு நடுவில் கட்டிவைத்துச் சோதித்துப் பார்த்தோம். வீரனை எதிர்ப்பக்கம் திரும்பி உட்காரவைத்து, ராட்டினத்துப் பாட்டையும் சத்தமாக வைத்துவிட்டு, யுவஸ்ரீயைத் தள்ளச் சொன்னேன்.

வீரன் நாற்காலியோடு விழுந்தார். சாலையில் போன டெம்போக்காரர் ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, "எந்த வண்டிங்க?" என்று கேட்டார்.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அடுத்த வெள்ளிக்கிழமை கொத்தனார் வருகிறார், கல்லை எடுக்க.

எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. வந்தால் என்னோடு பேச வேண்டும்.

முத்தாயி


ஆத்தூர்
19.11.2025

முத்தாயிக்கு,

வருகிறேன். பேச மாட்டேன்.

கீலுக்கு கிரீஸ் வை. எண்ணெய் வேண்டாம், தூசி பிடிக்கும்.

சென்னியப்பன்


கும்மாளம்
3.12.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிள்ளைகள் இரண்டு பேரும் நேற்று மறுவீடு வந்துவிட்டுப் போனார்கள். வாழைமரம் இன்னும் வாசலில் இருக்கிறது. பந்தல் பிரித்தாகிவிட்டது. எனக்குக் கை ஓய்ந்ததும் முதல் வேலையாக இதை எழுத உட்கார்ந்தேன்.

சீர்த் தட்டோடு வந்த சரிதாவும் மருமகனும் பெரிய வாசலில் நுழைய, நீங்கள் மட்டும் வெளியே நின்று அந்தக் கல்தூணைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் வரவில்லை, வந்தால் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்று தெரியும். யுவஸ்ரீதான் கல்யாணப் புடவையோடு எழுந்து போனாள். "நெறையப் பூ வெச்சிருக்கற, மெதுவாப் போ கண்ணு" என்று நான் கத்தியது அவள் காதில் ஏறவில்லை. கதவுக்கு உள்ளே நின்றுகொண்டு அவள் "வாங்க மாமா, வாங்க" என்று கூப்பிட்டாளே, நீங்கள் கதவைத் தள்ளியபோது சலங்கை குலுங்கிய சத்தம் எனக்குப் பந்தல் வரைக்கும் கேட்டது. அதன் பிறகு நீங்கள் அவள் கையைப் பிடித்து வந்தீர்களா, அவள் உங்கள் கையைப் பிடித்து வந்தாளா என்று சம்பந்தி அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

செந்தமிழன் அண்ணன் பந்தியைக் கவனித்துக்கொண்டார். யாரையும் தப்பான இடத்துக்குக் கூட்டிப் போகவில்லை.

அதெல்லாம் சரி. தாலி கட்டி முடிந்ததும் நீங்கள் செய்த காரியத்தைத்தான் கேட்க வேண்டும். யாரிடமும் சொல்லாமல், ஒரு வாய் சாப்பிடாமல், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நழுவப் பார்த்தீர்களே! பெரிய வாசல் வழியாகப் போயிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நீங்கள்தான் குட்டிக் கதவை விட்டு வேறு வழியில் கால் வைக்க மாட்டீர்களே. ஹாரன் அடித்தது. மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். அத்தனை சனமும் திரும்பிப் பார்க்க, நீங்கள் பாதி உள்ளே பாதி வெளியே, குனிந்தபடி நின்றீர்கள். வீரன் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஒருத்தர் வெளிய போறாருங்க!" என்று கத்தினார். நீங்கள் கொடுத்த வேட்டியைத்தான் கட்டியிருந்தார்.

நான் அப்படிச் சிரித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. யுவஸ்ரீ அப்பா இருந்திருந்தால் இன்னும் பெரிதாகச் சிரித்திருப்பார்.

இப்போது பிள்ளைகள் வேண்டுமென்றே அந்தக் கதவைத் தள்ளி ஹாரன் அடிக்கிறார்கள். வீரன் ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். முட்டி வலிக்கிறது என்கிறார், ஆனால் நாற்காலியை இன்னும் கதவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறார். நானும் அலுவலக அறையில் என் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். இப்போது ஜன்னலில் அந்தக் கதவு தெரிகிறது.

பந்தியில் என்னோடு பேசினீர்கள். "ரசம் இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றீர்கள். நான் குறித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
முத்தாயி


ஆத்தூர்
9.12.2025

அம்மிணிக்கு,

ரசம் கேட்டது பரிமாறுகிறவரிடம். பரிமாறியது நீயாக இருந்ததற்கு நான் பொறுப்பில்லை. பேசுவதில்லை என்பதில் மாற்றம் எதுவும் இல்லை.

நான் நழுவப் பார்த்ததாக எழுதியிருக்கிறாய். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுதான் கிளம்பினேன். ஹாரன் வேலை செய்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. வேலை செய்கிறது.

வந்த இடத்தில் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். ராட்டினத்துப் பெஞ்சுக்கு மேல் அந்த மரம் நன்றாக வளர்ந்துவிட்டது, ஒரு கிளையைக் கூட வெட்டாமல் விட்டதற்குச் சந்தோஷம். பாலத்தில் மூன்றாவது பலகை மட்டும் சத்தம் போடவில்லை. 'ஹாரன் அடிக்கவும்' எழுத்து மங்கிவிட்டது, அடுத்த முறை நானே வந்து எழுதுகிறேன், செந்தமிழனிடம் பிரஷைக் கொடுத்துவிடாதே. சாயங்காலம் வெளியே போகிற சந்தில் நின்றேன். ஒரு பெரியவர் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். பிள்ளை நல்ல தூக்கம். ஒரு சத்தம் இல்லை. மாப்பிள்ளை அன்றைக்கு ஏணியில் ஏறியது ஞாபகம் வந்தது.

ஒன்றே ஒன்று. தூணில் நான் உளியால் கீறிய கோடு அப்படியே இருக்கிறது. கதவின் மேல்சட்டம் அதற்கு நாலு விரல் மேலே இருக்கிறது. கொத்தனார் அளவு தெரியாமல் வைத்தது என்று சொல்லாதே. பக்கத்தில் நின்று வைக்கச் சொன்னது நீதான். என் முட்டிக்கும் முதுகுக்கும் பார்த்துச் செய்திருக்கிறாய், தெரியாமல் இல்லை.

ஆனால் அது குழந்தைகளுடைய கதவு. பொங்கலுக்கு நான் வருவதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டு, கோட்டுக்கே இறக்கி வைக்கச் சொல்.

நான் குனிந்துகொள்கிறேன்.

அண்ணன்